சிவப்புக் குமிழைத் தொடவிடாத மகளுக்கு

பிலோ,

வியாழக்கிழமை சென்ட்ரலில் உன் ரயில் கிளம்பும்போது நான் ஒன்றும் பேச மாட்டேன். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். பெட்டியை மேலே ஏற்றுவேன், கூஜாவில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பேன், எதிர் இருக்கைக்காரர் எந்த ஊர் வரை போகிறார் என்று விசாரிப்பேன். இத்தனை வருஷமாக மற்றவர்களைப் பேசவைத்துக் குறிப்பெடுத்தே பிழைத்தவனுக்கு, தான் சொல்லவேண்டியதை எழுதத்தான் வருகிறது. உன் பெட்டிக்குள் வைக்காமல் இதை எங்கள் பத்திரிகையின் ஞாயிறு மலரில் போடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஏன் என்பது படித்து முடிப்பதற்குள் விளங்கும். உன் அம்மாவிடம் சம்மதம் கேட்டேன். "ஊரே படிக்கிற மாதிரி தப்பு பண்ணீங்க. ஊரே படிக்கிற மாதிரி எழுதுங்க" என்றாள். அவள் எப்போதும் என்னைவிடச் சுருக்கமாகச் சொல்வாள்.

வடக்கே ஓர் உருக்காலையின் கம்ப்யூட்டர் நிலையத்தில் ஒரு ஷிப்டுக்கே நீ பொறுப்பாளராகப் போகிறாய். உன் கீழே ஆண்களும் வேலை செய்வார்கள் என்று கடிதத்தில் போட்டிருப்பதை அம்மா கோயில் வாசலில் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பாள். ராயபுரத்திலிருந்து கப்பலுக்குப் போனவர்கள் உண்டு, ரயில் எஞ்சின் ஓட்டப் போனவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் ஓட்டப் போகிற முதல் ஆள் நீதான் என்று நான் விசாரித்தவரையில் தெரிகிறது. தவறாக இருந்தால் திருத்திக்கொள்கிறேன். திருத்திக்கொள்வதைப் பற்றித்தான் இந்தக் கடிதமே.

உன்னிடமிருந்து நான் கற்றதைச் சொல்வதற்கு முன், என்னிடமிருந்து நீ எதைக் கற்காமல் தப்பினாய் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மூர் மார்க்கெட்டில் பழசாக வாங்கிய அந்த வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினோரு வயது. பாட்டு நடுவில் நின்றால் நான் சுவிட்சை அணைத்துப் போடுவேன். அப்படியும் வராவிட்டால் மண்டையில் ஒரு தட்டு, மறுபடி அணைத்துப் போடுதல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது தடவை போட்டபோது பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. நீ நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாய்: "நைனா, அது சூடாவறதுக்கே அரை நிமிஷம் ஆவுமே. அதுக்குள்ள ஏன் மறுபடி அணைச்சீங்க?" அந்த அரை நிமிஷம் எனக்கு எப்போதும் பெரிய நேரமாக இருந்திருக்கிறது. ஏழு மணி ஜெபமாலையிலும் அப்படித்தான். கூட்டத்துக்குப் போகவேண்டும், ஆள் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு ஜெபத்தின் முன்பாதியையும் நான் ஓட்டிவிடுவேன். அம்மா பின்பாதியில் என்னை இழுத்துப் பிடிப்பாள். நடுவில் நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு முழங்காலில் இருப்பாய்.

பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்த அந்தத் தொழிற்சாலையில் நீ ஆபரேட்டராகச் சேர்ந்தாய். பெயர் எழுதவில்லை, எழுதினாலும் இப்போது யாருக்கும் லாபமில்லை. சேர்ந்த கொஞ்ச நாளில் குடும்பத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். வெளியே எண்ணூர்ப் பக்கத்துக் காற்றில் தூசும் வெயிலும். உள்ளே அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்கிற குளிர். துளையிட்ட அட்டைகளை விழுங்குகிற பெட்டி, அலமாரி அகலத்துக்கு அச்சடிக்கிற பிரிண்டர், இட்லிக் குண்டான் போல மூடி போட்ட டிஸ்க், நடுவில் நீ உட்காருகிற மேஜை. மேஜையில் ஒரு டைப்ரைட்டர். நீ தட்டினால் கம்ப்யூட்டர் கேட்கும், அது சொல்லவேண்டியதை அதே டைப்ரைட்டர் தானாகத் தட்டிச் சொல்லும். சுவரில் கைப்பிடி அளவுக்கு ஒரு சிவப்புக் குமிழ். "அது என்னம்மா?" என்று கேட்டேன். "இழுத்தா எல்லாம் ஒரே நேரத்துல அணைஞ்சுடும் நைனா. தீப்பிடிச்சா மட்டும்தான் தொடணும்" என்றாய். எனக்கு உடனே அதை இழுத்துப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

கம்பெனிக்காகக் கம்ப்யூட்டரைப் பராமரித்த எஞ்சினியர் உனக்கு ஆறு கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்திருந்தார். இயந்திரம் மூச்சுப் பேச்சில்லாமல் நின்றுவிட்டால் அந்த ஆறையும் அதே வரிசையில் டைப்ரைட்டரில் தட்டவேண்டும். அன்று அரைகுறையாகக் கேட்டுக்கொண்டேன். இப்போது மனப்பாடமாகத் தெரியும். முதலில், ஓடிக்கொண்டிருக்கிற வேலையின் பிடியிலிருந்து டைப்ரைட்டரை உன் கைக்கு வாங்கிக்கொள்ளவேண்டும். அடுத்தது, ஓடுகிற வேலைகளையெல்லாம் தாங்களாக முடித்துக்கொள்ளும்படி கேட்கவேண்டும். கேட்காதவற்றை மூன்றாவது கட்டளையால் நிறுத்தவேண்டும். நாலாவது, இயந்திரம் நினைவில் வைத்திருந்து இன்னும் எழுதாததை டிஸ்கில் எழுதவைக்கவேண்டும். ஐந்தாவது, இனி யாரும் அதில் எழுத முடியாதபடி டிஸ்கைப் பூட்டவேண்டும். கடைசியில்தான் புதிதாகக் கிளப்பவேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருபது நொடி விடவேண்டும். நாலாவதுக்குப் பிறகு மட்டும் அதைப் போல ஐந்து மடங்கு. அவசரப்பட்டு அடுத்ததைத் தட்டினால் முந்தினது பாதியில் போய்விடும்.

கை இரண்டும் சாவிகளில், கண் விளக்குகளில் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க முடியாது என்று நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். ஒரு வாரம் ஜெபமாலையின்போது என் கைக்கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருந்தாய். பக்தி கூடிவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். சனிக்கிழமை சாப்பாட்டில் முடிவை அறிவித்தாய். "ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபத்த முழுசா அம்மா சொன்னா இருபது நொடி. நைனா சொன்னா ஒம்போது. நைனா கணக்குல வெச்சா டிஸ்க் போயிடும்." அம்மா சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். ஒன்பது நொடிக்காரன் என்று ஒரு மாதம் வீட்டில் எனக்குப் பெயர்.

இனி அந்த நாள். மூன்று வருஷமாக நாம் வீட்டில் பேசாத நாள்.

அந்தத் தொழிற்சாலையில் தற்காலிகத் தொழிலாளர்கள் முன்னூறு பேருக்கு மேல். வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் வேலை செய்தவர்களை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் யூனியனிடம் ஒப்புக்கொண்டிருந்தது. பட்டியலை அன்று மாலை நாலு மணிக்குள் வாசலில் ஒட்டவேண்டும். ஒட்டாவிட்டால் ஒப்பந்தம் முறிந்தது. அவர்கள் வேலை செய்த நாட்களெல்லாம் உன் டிஸ்கில்தான் இருந்தன. வருகை அட்டைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டதென்று அலுவலகத்தார் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டிருந்தார்கள். டிஸ்குக்கு நகல் எடுக்கிற டேப் ரிப்பேரில் கிடந்தது. அன்று காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே நீ சொன்னாய்: "டேப் இல்ல நைனா. காப்பியே இல்லாம லிஸ்ட் போடுறோம். மாதாதான் பாத்துக்கணும்." வீட்டில், சாப்பாட்டு வேளையில், அப்பாவிடம் சொன்ன பேச்சு அது.

மதியம் நான் தொழிற்சாலை வாசலில் இருந்தேன். தொழிலாளர் செய்தி என் பொறுப்பு. பூவரச மரத்தடியில் கூட்டம். நெட்டுக்குப்பத்துக் காசி என் பக்கத்திலேயே நின்றான். ஏழு வருஷமாகத் தற்காலிகம். ஒவ்வொரு வருஷமும் இருநூற்று முப்பதாவது நாள் வாக்கில் அவனை நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் புது ஆளாகச் சேர்ப்பார்கள். அந்த வருஷம் ஆள் பற்றாக்குறையில் நிறுத்த மறந்துவிட்டார்கள். அவன் கணக்குப்படி இருநூற்று நாற்பத்து மூன்று நாள். "மூணு நாளு ஜாஸ்தி கீது சார்," என்றான். "எங்க மாமனாரு கட்டுமரத்துக்குக் கூப்டுகினே கீறாரு. இன்னிக்கு லிஸ்ட்ல பேரு இல்லன்னா நாளைக்கு நானு கடல்ல."

இரண்டே முக்காலுக்குக் கேன்டீன் ஆள் ஒருவன் கேட்டுக்கு வந்து கையை விரித்தான். "மிஷினு படுத்துகிச்சுப்பா. பாதி பேப்பர்ல நின்னு போச்சு. ஆபீசருங்கோ அங்கயும் இங்கயும் ஓடிகினு கீறாங்கோ."

காசி என் சட்டையைப் பிடித்தான். "இன்னா சார் சொல்றான் அவன்? எங்க நாளுங்கோ அதுக்குள்ளாறதான கீது?"

நகல் இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மாலைப் பதிப்புக்கு மூன்று மணிக்குள் செய்தி சொல்லியாகவேண்டும். சாலைக்கு எதிர்ப்புறம் பலகை விற்கிற மரத் தொட்டியில் ஒரு தொலைபேசி உண்டு. ஓடினேன். தற்காலிகத் தொழிலாளர்களின் வேலை நாள் கணக்கைக் கம்ப்யூட்டர் விழுங்கிவிட்டது, நகல் ஏதும் இல்லையென நம்பத்தகுந்த வட்டாரத்தில் தெரிகிறது, பட்டியல் அழிந்தது என்று சொன்னேன். ஆபீசில் மாற்றிவிட்டார்கள் என்று பின்னால் சிலரிடம் சாக்குச் சொன்னேன். யாரும் மாற்றவில்லை. 'அழிந்தது' என் சொல். நம்பத்தகுந்த வட்டாரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நீ.

உள்ளே நடந்ததை நீ எனக்குச் சொன்னதில்லை. உன்னோடு அட்டை போடுகிற வேலை பார்த்த வண்ணாரப்பேட்டை ரஹீம் சொன்னார். மூன்று வேறு வேறு நாட்களில் கேட்டேன், விவரம் மாறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பிரிண்டர் பாதிப் பக்கத்தில் நின்றது. அட்டை படிக்கிற வேலையும் அச்சடிக்கிற வேலையும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டிருந்தன. "ரெண்டு பேரும் நீ முதல்ல போ, நீ முதல்ல போன்னு வாசப்படில நின்னுட்ட மாதிரி சார்" என்றார் ரஹீம். நீ தட்டியது எதையும் டைப்ரைட்டர் வாங்கவில்லை. டெபுடி மேனேஜர் உள்ளே வந்தார். நெற்றியில் நாமம், கழுத்தெல்லாம் வேர்வை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா."

"பண்ணா டிஸ்க்ல பாதி எழுதினது அப்படியே அறுந்துடும் சார். அத்தனை பேர் நாளும் போயிடும்."

"வெளியில கத்தறது காதுல விழறதா இல்லையா?"

"விழுது சார். மூணு நிமிஷம் கொடுங்க."

முதல் கட்டளை. டைப்ரைட்டர் ஒரு தடவை துள்ளியது. இரண்டாவதுக்கு ஒன்றும் நடக்கவில்லை. விளக்குகள் எரிந்தது எரிந்தபடி. டெபுடி மேனேஜர் சுவர்ப் பக்கம் போய்ச் சிவப்புக் குமிழில் கை வைத்தார். நீ திரும்பிப் பார்க்கவில்லை. "தொடாதீங்க சார். இன்னும் ஒரு அருள் நிறைந்த மரியே" என்றாய்.

"யாரு?" என்றார் அவர்.

"டைம் பாக்குது சார் தங்கச்சி," என்றார் ரஹீம். "வாட்சுல இல்ல, வாயில."

மூன்றாவதைத் தட்டினாய். அந்த இருபது நொடியின் பாதியில் விளக்குகளில் ஒன்று அணைந்து எரிந்தது. நாலாவதைத் தட்டிவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாயாம். ஐந்து தடவை. அந்த அறையில் ஏர்கண்டிஷனர் சத்தமும் கேட்டுக்கு வெளியே கோஷமும் தவிர ஒன்றுமில்லை. ரஹீம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டிஸ்கு உள்ள டிக் டிக்னு தலை நகர்ற சத்தம் வந்திச்சு சார். நானு என் பங்குக்கு ஓதிகினு நின்னேன். டெபுடி மேனேஜர் உதடும் அசைஞ்சுது. இன்னா சொன்னாரோ அவரு சாமிக்குத்தான் தெரியும். தங்கச்சி மட்டும் நிதானமா, மாவு அரைக்கிற மாதிரி, ஒரே வேகம்." ஐந்தாவது, ஆறாவது. இயந்திரம் தானாக டைப்ரைட்டரில் தன் பெயரைத் தட்டியது. டெபுடி மேனேஜரின் கை அதற்குள் குமிழிலிருந்து கீழே இறங்கியிருந்தது. எப்போது இறங்கியது என்று அவருக்கே தெரியாது.

ரஹீம் எடுத்துக் காட்டிய உன் லாக் புத்தகத்தில் ஆறு கட்டளைகளும் தொடங்கிய நேரம் 2.52, முடிந்த நேரம் 2.55 என்று உன் கையெழுத்தில் இருக்கிறது. என் குறிப்புப் புத்தகத்தில் தொலைபேசியில் பேசத் தொடங்கிய நேரம் 2.52. நீ கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த அதே நேரத்தில்தான், சாலைக்கு இந்தப் பக்கம் நான் 'அழிந்தது' என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் இதை எழுதத் தீர்மானித்தேன்.

மூன்று ஐம்பதுக்குப் பட்டியலை ஒட்டினார்கள். காசியின் பெயர் இரண்டாவது தாளில், நாள் 243. நான் மரத் தொட்டிக்கு மறுபடி ஓடினேன். பதிப்பு மெஷினில் ஏறிவிட்டது என்றார்கள். ஐந்து மணி சுமாருக்குச் சைக்கிளில் பத்திரிகைக் கட்டு வந்தது. காசி ஒன்றை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். சுவரைப் பார்த்தான், பத்திரிகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னா சார் இது? செவுத்துல கீறேன், பேப்பர்ல பூட்டேன். நானு கீறேனா இல்லியா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். காசி சிரிக்கவில்லை. "பேப்பரப் பாத்துட்டு எங்க வூட்ல அழுதுகினு இருப்பா சார்" என்று சொல்லிவிட்டு, பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எண்ணூர் பஸ்ஸுக்கு ஓடினான்.

மறுநாள் நான் திருத்தம் போட்டிருக்கவேண்டும். 'பட்டியல் ஒட்டப்பட்டது, தொழிலாளர் மகிழ்ச்சி' என்று ஆறு வரி எழுதினேன். முந்தின நாள் செய்தி தவறு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. வாசகர்களில் பலருக்கு, கம்ப்யூட்டர் அழித்த பட்டியலை எப்படியோ மறுபடி எழுதினார்கள் என்றே இன்றுவரை நினைப்பு. தண்டையார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி உன்னைப் பார்த்து, "எங்க ஊட்டுக்காரரு பேர அழிச்ச மிஷின்காரி இவதான்" என்றாள். நீ பஸ்ஸுக்கு நின்றபடியே இருந்தாயாம். நகல் இல்லாத விஷயம் வெளியே போனது எப்படி என்று கேட்டு நிர்வாகம் உனக்கு மெமோ கொடுத்தது. உன் பதிலின் கார்பன் பிரதியை அம்மா எடுத்து வைத்திருக்கிறாள். 'நான் என் வீட்டில் பேசினேன். வீட்டில் ஒரு பத்திரிகையாளர் இருப்பதை மறந்துவிட்டேன். இனி மறக்கமாட்டேன்.' நான் எழுதிய எந்த வாக்கியமும் அவ்வளவு கச்சிதமாக அமைந்ததில்லை. பெருமைப்படக்கூடாத இடத்தில் பெருமைப்பட்டேன்.

பதினோரு நாள் நீ என்னிடம் பேசவில்லை. நான் முதல் நாளே மன்னிப்பு, காரணம், சமாதானம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அதுவும் சிவப்புக் குமிழை இழுக்கிற வேலைதான் என்று அப்போது தெரியவில்லை. அதன் பிறகு அம்மா சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். காலையில் உன் சைக்கிளைத் துடைத்து வைத்தேன்; நீ பஸ்ஸுக்கு நடந்தே போனாய். மாலையில் ஜெபமாலையின் முன்பாதியை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், நீ நிமிரவில்லை. பதில் வராத நாட்களிலும் உனக்குள் ஏதோ எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பன்னிரண்டாம் நாள், "நைனா, காபி ஆறுது" என்றாய். மூன்றே வார்த்தை. எனக்கு ஒரு முழுப் பதிப்பு வந்த மாதிரி இருந்தது.

நீ போகிற இடத்தில் பெரிய இயந்திரங்கள் இருக்கும், பெரிய அதிகாரிகள் இருப்பார்கள், சுவரில் பெரிய குமிழ் இருக்கும். உன் கீழே வேலை செய்கிற யாராவது ஒருநாள் உன் பேச்சை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அப்போது உன் அப்பனுக்குக் கொடுத்த பதினோரு நாளை அவர்களுக்கும் கொடு. முடிந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள். வேலையை நிறுத்தச் சொல்வதற்கு முன் முடித்துக்கொள்ளச் சொல்கிற அந்த இரண்டாவது கட்டளையை மனிதர்களிடமும் விட்டுவிடாதே. கல்யாணப் பேச்சை எடுத்தால் பேச்சை மாற்றுகிற உன் சாமர்த்தியத்தை மட்டும் அம்மாவுக்காகக் கொஞ்சம் தளர்த்து. மற்றபடி உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதம் பத்திரிகையில் வருவதற்கான காரணம் இதுதான். திருத்தம்: மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தப் பத்திரிகையின் மாலைப் பதிப்பில், திருவொற்றியூர்த் தொழிற்சாலை ஒன்றில் தற்காலிகத் தொழிலாளர்களின் வேலை நாள் கணக்கைக் கம்ப்யூட்டர் அழித்துவிட்டதாக நான் எழுதிய செய்தி தவறு. ஒரு நாளும் அழியவில்லை. அழியாமல் காத்தவர் அன்று பணியிலிருந்த ஆபரேட்டர். அவர் என் மகள். செய்தி உறுதியாகும் வரை நான் காத்திருக்கவில்லை. வருந்துகிறேன்.

இதைக் காசியிடம் வாசித்துக் காட்டினேன். அவன் இப்போது நிரந்தரம், ஷிப்டு முடிந்து வந்துகொண்டிருந்தான். "அப்ப பேப்பர்லயும் கீறேன்னு சொல்லு" என்றான். "பாப்பா எப்ப கெளம்புது? நானும் ஸ்டேஷனுக்கு வரேன்." வியாழக்கிழமை மேடையில் எங்களோடு இன்னும் ஒருவர் நின்றால் ஆச்சரியப்படாதே.

இன்று காலை அம்மா கோயிலுக்குப் போன பிறகு, கடிகாரத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு தனியாக ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். பதினேழு நொடி. மறுபடி சொன்னேன், பதினெட்டு. இன்னும் இரண்டு குறைகிறது. நீ முதல் லீவில் வரும்போது கடிகாரத்தைப் பிடி.

உன்
நைனா